எல்லாருக்கும் இருந்த குறி

நீங்கள் கல்லூரிக்குப் போய், பரீட்சை எழுதி, பெயருக்குப் பின்னால் எழுத்துகளோடு ஹோமியோபதிக்கு வந்திருக்கிறீர்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடிக்காமல் ஓடியவன். பதுளையில் ஒரு பேக்கரியில் மாவு மூட்டைகளின் மேல் படுத்தேன். வெலிமடையில் உருளைக்கிழங்கு தோண்டினேன். ரோட்டு வேலையில் கல் உடைத்தேன். ஒரு லொறியில் கிளீனராக இருந்து, சம்பளத்துக்குப் பதில் அடி வாங்கிக்கொண்டு இறங்கினேன். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்து உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன் என்று தெரிந்தால், நான் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தத் தொழிலுக்குள் நான் நோயாளியாகத்தான் வந்தேன். அறுபதுகளின் நடுவில் ஒரு மழைநாள், தெமோதரை ரயில் நிலையத்து பெஞ்சில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எங்க நோகுது?” என்றார்.

“காலு” என்றேன்.

“எப்படி நோகுது?”

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், எப்போது வேலைக்கு வருவாய் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி என்று கேட்டதில்லை. பதில் சொல்லத் தெரியாமல் அழுதுவிட்டேன். அவர் என் நாக்கில் சீனி உருண்டைகள் சிலவற்றைப் போட்டார், ஹாலிஎலயில் தான் குடியிருந்த வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போனார். காய்ச்சல் விட்ட பிறகும் நான் போகவில்லை. விறகு பிளந்தேன், தண்ணீர் தூக்கினேன், சமைத்தேன். பிறகு மருந்துப் போத்தல்களைக் குலுக்கித் தந்தேன். பிறகு இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண் மங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. நான் படித்த கதை அவ்வளவுதான். சுற்றுப்புறத் தோட்டங்களில் அவரை ‘மருந்தையா’ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அவர் சொல்லித் தந்தவற்றை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு மருந்து நல்ல உடம்பில் எந்தத் தொல்லையைக் கொண்டுவருகிறதோ, நோயுற்ற உடம்பில் அதே மாதிரித் தொல்லையை அந்த மருந்து தீர்க்கும். ஒரு நேரத்தில் ஒரே மருந்து. ஆகக் குறைந்த அளவு. கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாலாவதுதான் கடினமானது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல் ‘ஆமாங்க’.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் ஒரு வயசாளியை விசாரித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி. “குளிருக்குக் கூடுதா?” என்றேன். “ஆமாங்க.” “வெயிலுக்கு?” “ஆமாங்க.” “நடந்தா கூடுதா?” “ஆமாங்க.” “நடந்தா கொறையுதா?” “ஆமாங்க.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் தாத்தா, ஒங்க முழங்கால யாராச்சும் வித்துட்டாங்களா?” என்றேன். “ஆமாங்க” என்றார். சுற்றி நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மருந்தையா சிரிக்கவில்லை. “இந்தச் சனம் விடியக் காலமை பெரட்டில நிண்டு பேர் கூப்பிட்டுப் பழகினது. மேல இருக்கிறவன் என்ன கேட்டாலும் ஆமாங்க எண்டால்தான் அண்டைக்கு வேலை. நீர் அவரைக் கேள்வி கேக்கேல்லை காணும், பெரட்டுக் கூப்பிட்டனீர்” என்றார்.

நானும் அந்தப் பெரட்டில், விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்ற குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் கையில் மருந்துப் பெட்டி இருந்தால் நம் குரலும் கங்காணி குரலாகிவிடுகிறது. அன்றிலிருந்து ‘ஆமாங்க’ என்று பதில் சொல்ல முடியாதபடி கேள்வி கேட்கப் பழகினேன். பழகினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் இன்னொன்றும் சொல்வார். எல்லாருக்கும் இருப்பது குறியல்ல. “மழையில கொழுந்தெடுக்கிறவளுக்கு இடுப்பு நோகும். எல்லாருக்கும் நோகும். அதை வச்சு என்ன மருந்து தேடுவீர்? நோகேக்க அவள் பாட்டுப் படிக்கிறாள் எண்டால், அது குறி.” அந்த ஆளுக்கு மட்டும் உரியது எதுவோ, அதுதான் மருந்துக்கு வழி காட்டும். மற்றதைத் தள்ளிவிடலாம். இதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு வருஷம், கீழே ஊர்களில் கலவரம் வந்தது. தமிழ்க் கடைகள் எரிந்தன. பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிச் சிங்களத்தில் பேசச் சொல்லித் தமிழரா என்று பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஹாலிஎலயில் எங்கள் வீட்டுக்காரரான சிங்களவர், “ஐயா, இன்னிக்கு இங்க படுக்க வேணாம்” என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார். மருந்துப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, வெலிமடை ரோட்டுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துக்கு ஏறினோம். மேற்கணக்கு என்ற மேல் பிரிவில், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில், மருந்தையாவிடம் மருந்து வாங்குகிறவர்கள் ஓர் அறையை, ஒரு காம்பராவை, ஒழித்துத் தந்தார்கள்.

அங்கேயும் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் லயத்துக்குத் தீ வைத்திருந்தார்கள். துரை பங்களா பூட்டிக் கிடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். தொலைபேசி செத்திருந்தது. ஆண்கள் முறை வைத்து ரோட்டைப் பார்த்தார்கள். இருட்டினால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் போய்ப் படுத்தார்கள். அட்டை கடித்தாலும் யாரும் சத்தம் போடவில்லை. குழந்தைகள்கூட அழவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அப்படித் தேயிலைக்குள் படுத்து எழும்பிய ஒரு காலையில் முத்துலெட்சுமிக்கு வயிற்றுவலி வந்தது. நல்ல திடமான பெண், கொழுந்தெடுப்பவள், ஒரு பிள்ளைக்காரி. புருஷன் கருப்பையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வலி முதலில் தொப்புளைச் சுற்றி இருந்தது, பிறகு வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே குந்திக்கொண்டது. வாந்தி. காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. அவள் படுத்திருந்த பலகையில் யாராவது இடித்தால் வீறிட்டாள்.

உங்களுக்கு அது என்ன என்று தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது. “ஐயா, இது வயித்த வெட்டுற கேஸு” என்றேன்.

“தெரியும்” என்றார் மருந்தையா. “எந்த ரோட்டால கொண்டு போவீர்?”

பலகை அசைந்தால் தாங்க முடியாத வலி, சிவந்த முகம், திடீரென்று வந்த நோய்: அவர் பெட்டியைத் திறந்து பெல்லடோனா கொடுத்தார். கொடுக்கும்போது உருண்டைகள் சில தரையில் விழுந்தன. அடுத்த காம்பரா ராமாயி, எதற்கும் வாய் சும்மா இராதவள், “முட்டாய் டாக்டரே, எறும்புக்கும் காய்ச்சலா?” என்றாள். யாரும் சிரிக்காததால் தானும் நிறுத்திக்கொண்டாள்.

கருப்பையா வாசல் நிலையில் நின்றபடி சொன்னான். “நான் தூக்கிக்கிட்டு எறங்குறேன். ரோட்டுல வெட்டுனா வெட்டட்டும்.”

அதைக் கேட்டபோது முத்துலெட்சுமி அவனைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். கவனித்ததை மனதில் வைத்துக்கொண்டேன்.

அன்று பகலும் இரவும் அவள் அப்படியே கிடந்தாள். மறுநாள் நண்பகல் தாண்டிய நேரம் ராமாயி வெளியே ஓடி வந்தாள். “வலி நின்னுருச்சு! நின்னுருச்சுடி!” என்று லயம் முழுக்கக் கத்தினாள். அந்த நாட்களில் நல்ல சேதி ஒன்றுகூடக் கேட்காத ஜனம். எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். கருப்பையா மருந்தையாவின் காலில் விழுந்தான். ராமாயி, “முட்டாயின்னு சொன்ன வாயில மண்ணைப் போடணும்” என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றினாள். ஒளித்து வைத்திருந்த சீனியை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தாள். மருந்தையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் உள்ளே போய் முத்துலெட்சுமியின் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

நாடி நேற்றைவிட வேகமாக ஓடியது. நூல் மாதிரி மெலிந்திருந்தது. முகத்தில் சிவப்பு போய் மண் நிறம் வந்திருந்தது. மூக்கு கூர்ந்திருந்தது. நாக்கு காய்ந்திருந்தது. கால்களை மடக்கி வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மேலாக எடுத்துக்கொண்டு, துளியும் அசையாமல் கிடந்தாள்.

நம் மருத்துவத்தில் குணம் வருவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆள் தெளிவார். தூக்கம் வரும், முகம் மலரும், பசி எடுக்கும். உறுப்பின் வலி பிறகு போகும். இங்கே உறுப்பு நலமாகியிருந்தது, ஆள் போய்க்கொண்டிருந்தாள். வரிசை தலைகீழாக இருந்தது. வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. நோய் வெல்வதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். மருந்து வென்றது என்று எல்லாரும் சொல்லும்போது பயந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பயத்தில் எல்லாப் பயிற்சியும் மறந்து பழைய பெரட்டுக் கேள்வியைத்தான் கேட்டேன்.

“வலி போயிருச்சா?”

“ஆமாங்க.”

“கொஞ்சமாச்சும் இருக்கா?”

“ஆமாங்க.”

கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வலி போகவில்லை. புருஷன் தன்னைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால் திரும்பி வரமாட்டான் என்று பயந்து பொய் சொல்கிறாள். நேற்று அவனைப் பார்த்த பார்வை அதற்குத்தான். சோதிக்க நினைத்து, தெரியாமல் படுவது போலப் பலகையின் காலை முழங்காலால் இடித்தேன். அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கால் விரல்கள் மட்டும் உள்ளே சுருண்டன.

பொய்தான் என்று முடிவு செய்தேன்.

மருந்தையாவை வெளியே, பீலிக்குப் பக்கத்தில், தண்ணீர் விழும் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி நிறுத்திச் சொன்னேன். பனி இறங்கி லயத்தின் மறுகோடி தெரியாமல் இருந்தது.

“ஐயா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இப்பவே.”

“மருந்து வேலை செய்யுது. குழப்பாதேயும்.”

“நாடியப் பாருங்க.”

“பாத்தனான். சில நேரம் மருந்து முதல்ல ஆளைச் சோர வைக்கும். நீர் வாசிச்சுக் காட்டினீர்தானே. பொறும். நாளைக்குப் பாப்பம்.”

அவர் சொன்னது புத்தகத்தில் இருந்தது. நானே வாசித்த வரிதான். மருந்து கொடுத்த பிறகு நோய் சற்றுக் கூடியது போலத் தெரியும், அப்போது பதறி இன்னொன்றைச் செய்து கெடுத்துவிடாதே என்று எழுதியிருக்கும். அது ஒரு நல்ல விதி. எத்தனையோ தடவை அந்த விதி எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அவர் அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. பனிக்குள் ரோடு இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு அன்னம் போட்டவர். எழுத்தைத் திருப்பித் தந்தவர். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று கேட்டேன்.

“ஐயா, பொறுன்னு சொல்றது மருந்துக்காகவா, ரோட்டுக்காகவா?”

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். பீலித் தண்ணீரில் கையை நீட்டிக் கழுவினார், முகத்தைக் கழுவினார். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு நனைந்து கோடு கோடாக நின்றது.

“இரண்டுக்குந்தான்” என்றார். பிறகு, “எது எவ்வளவெண்டு எனக்கே தெரியேல்லை, தம்பி” என்றார்.

நீங்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். காத்திருப்பதற்கும் பயந்து நிற்பதற்கும் வெளியே ஒரே தோற்றம்தான். இரண்டிலும் கை சும்மா இருக்கும். இரண்டுக்கும் புத்தகத்தில் வரி கிடைக்கும். உங்களுக்குள் எது நடக்கிறது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. சில வேளை உங்களுக்கும் தெரியாது. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னதுதான் அவர் அன்று செய்த பெரிய காரியம். சொன்ன பிறகு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கீழ் ரோட்டில் ஒரு லொறி நிற்பதாகக் காவல் நின்றவர்கள் வந்து சொன்னார்கள். பதுளையில் மரக்கறிக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வெலிமடையிலிருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கடைகள் மூடிக் கிடந்ததால் லயத்துக்காரர்களுக்கு மாவு மூட்டை ஒன்றை இறக்கிவிட்டுப் போக நின்றார். கருப்பையாவும் இன்னொருவனும் முத்துலெட்சுமியைக் கம்பளியில் கிடத்தி நாலு முனையையும் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சறுக்குப் பாதை. அவள் முனகவில்லை.

நானா அவளைப் பார்த்தார், லொறியில் ஏறப் போன மருந்தையாவைப் பார்த்தார். “மாஸ்டர், நீங்க என்னத்துக்கு? நீங்க வாயத் தொறந்தா யாழ்ப்பாணம்னு தெரிஞ்சிரும்.”

“நான் சிங்களம் கதைப்பன். ஆஸ்பத்திரியில சொல்ல ஆள் வேணும். இவருக்கு நோய் தெரியும், பாஷை தெரியாது” என்று மருந்தையா என்னைக் காட்டினார்.

“அப்ப அதத் தொடச்சிருங்க” என்று நானா நெற்றியைக் காட்டினார்.

மருந்தையா சால்வையால் திருநீற்றைத் துடைத்தார். மிச்சம் இல்லாமல், இரண்டு தடவை துடைத்தார். அவர் திருநீறு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. யாரோ வேறு மனிதர் மாதிரி இருந்தார். நானா தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்து, அமத்திச் சரி செய்தார். “எனக்கு வழுக்க, ஒங்களுக்கு நரை. யாரு பாக்கப் போறாங்க. அல்லா பாத்துக்குவான், ஏறுங்க.”

கருப்பையா பின்னால் ஏறக் காலை வைத்தான். அப்போதுதான் முத்துலெட்சுமி பேசினாள்.

“நீங்க வராதீங்க. புள்ளையப் பாத்துக்கிருங்க.”

“ஒன்னை விட்டுட்டா?”

“வராதீங்கன்னேன்.”

அதட்டல் போல வந்தது. அவன் காலை எடுத்துவிட்டான். நான் நினைத்தது சரி என்று மறுபடியும் எனக்குத் தோன்றியது.

லீக்ஸ் கட்டுகளை மெத்தை மாதிரிப் பரப்பி அவளைக் கிடத்தினோம். மேலே தார்ப்பாய். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். “என்ன வலி வந்தாலும் அம்மான்னு கத்திராதே தங்கச்சி. சத்தம் கேட்டா எல்லாரும் போயிருவோம்” என்றேன். “ஆமாங்க” என்றாள்.

அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். இப்போது தார் போட்டிருக்கிறார்கள். அப்போது குழிகளுக்கு நடுவில்தான் ரோடு இருந்தது. ஒவ்வொரு குழியிலும் அவள் உடம்பு விறைத்து அடங்கியது. நான் கிளீனராக இருந்த காலத்தில் இதே வளைவுகளில் தூங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அன்று ஒவ்வொரு வளைவையும் முதுகெலும்பால் எண்ணினேன். தார்ப்பாய்க்குள் லீக்ஸ் வாடை. அதற்குள் புகை வாடை வந்தபோது ஹாலிஎல வந்துவிட்டது என்று தெரிந்தது.

சந்தியில் லொறி நின்றது. வெளியே பல குரல்கள். நானாவின் குரல் சிரித்துச் சிரித்துப் பேசியது. அவர் சிரிப்பது எனக்குத் தெரியும். அது அவர் சிரிப்பு அல்ல. பிறகு மருந்தையாவின் குரல், சிங்களத்தில், நிதானமாக, டிக்கெட் கொடுப்பவர் போல. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தார்ப்பாய் தூக்கப்பட்டது.

ஒரு இளைஞன் உள்ளே பார்த்தான். கையில் இருந்தது என்ன என்று நான் பார்க்கவில்லை, அவன் முகத்தை மட்டும் பார்த்தேன். அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் திறந்தபடி அவனைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் தார்ப்பாயை விட்டான். லொறியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான், போ என்று. அந்த அதிர்வில் அவள் என் கையைக் கடித்தாள். சத்தம் வரவில்லை. லொறி நகர்ந்தது.

அவன் ஏன் விட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு கதை சொல்ல என்னால் முடியாது.

பதுளை ஆஸ்பத்திரியில் இளம் சிங்கள டாக்டர் ஒருவர் வயிற்றைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார். பலகை போல இறுகியிருந்தது. அவர் மருந்தையாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். மருந்தையா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். என்னிடம், “குடல்வால் வெடிச்சிட்டுதாம். நேற்றே கொண்டு வந்திருக்க வேணுமாம்” என்றார். ரோட்டைப் பற்றி டாக்டரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். தொப்பியைக் கழற்ற அவர் மறந்துவிட்டார். வார்டு சிற்றூழியர் ஒருவர் வந்து, “நானா, அந்தப் புள்ள ஒங்க ஆளா?” என்று தமிழில் கேட்டார். “ஓம்” என்றார் மருந்தையா. அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அவள் பிழைத்தாள். வெகுநாள் குழாய் வைத்துப் படுத்திருந்தாள், எலும்பும் தோலுமானாள், ஆனால் பிழைத்தாள். ரோடு திறந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். கருப்பையா வெளியே பிள்ளையோடு நின்றான். நான் ஒரு வெற்றிக்காரன் மாதிரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“ஒன் பொய்யை நான் கண்டுபுடிச்சிட்டேன், தெரியுமா?” என்றேன்.

“எந்தப் பொய்யண்ணே?”

“வலி போயிருச்சுன்னு சொன்னியே. அவனைக் கீழ அனுப்பக்கூடாதுன்னுதானே?”

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“பொய் இல்லீங்கண்ணே. நெசமாத்தான் போயிருச்சு. உள்ளுக்குள்ள என்னமோ அவுந்தாப்புல படக்குன்னு நின்னுச்சு. ஆட்டுனாத்தான் வலிச்சுச்சு. சும்மா கெடந்தா ஒன்னுமே இல்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அப்பத்தான் எனக்குப் பயம் புடிச்சுச்சு.”

அதாவது அவள் இரண்டு தடவை சொன்ன ‘ஆமாங்க’வும் உண்மை. படுத்திருந்தால் வலி இல்லை, அசைந்தால் இருக்கிறது. பெரட்டுப் பதில் என்று நான் தள்ளியதில் முழு நோயும் இருந்தது. நான் செய்தது சரியாக அமைந்தது, அதற்கு நான் வைத்திருந்த காரணம் முழுக்கத் தவறு. அவள் உண்மை சொல்கிறாள் என்று நம்பியிருந்தால், ஒருவேளை நானும் சாயத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

“ஏன் பயமா இருக்குன்னு சொல்லல?”

“நீங்க வலியத்தானே கேட்டீங்க.”

“பயமா இருக்கான்னு கேட்டிருந்தா?”

சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்து முகத்தைச் சுளித்தாள். “ஆமாங்கன்னு சொல்லியிருப்பேன். அன்னிக்கு லயத்துல யாரக் கேட்டாலும் அதத்தானே சொல்லியிருப்பாங்க.”

அதுதான் என்னை அடித்தது. மனதின் குறிகளை முதலில் கேள் என்பது நமக்கு முதல் பாடம். மரண பயம் என்று நம் புத்தகத்தில் தனி இடமே இருக்கிறது. அந்த வாரம் எல்லாருக்கும் பயம் இருந்தது, எல்லாருக்கும் இருப்பது குறியல்ல என்று நான் படித்திருந்தேன், ஆகவே அதைக் கேட்கவே இல்லை. என்னுடைய பயம், மருந்தையாவின் பயம், கருப்பையாவின் பயம் என்று அந்தக் காம்பராவே நிறைந்திருந்ததில் அவளுடையது கண்ணில் படவில்லை.

“சரி, எதுக்குப் பயம்னு கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்ப?”

அவள் யோசித்தாள். வெளியே கருப்பையா பிள்ளைக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வலி செத்துப்போச்சு, அடுத்தது நாந்தான்னு சொல்லியிருப்பேன்.”

அன்று அந்த லயத்தில் எல்லாரும் ரோட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். தன் வயிற்றைப் பார்த்துப் பயந்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் தேடிக்கொண்டிருந்த குறி அதுதான். அதற்குப் பிறகு பல வருஷம் தோட்டம் தோட்டமாக நடந்தேன், இன்னும் மோசமான நாட்களையும் பார்த்தேன். நாடியைப் பிடித்தபடி முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்: எதுக்குப் பயம்? ஊரே பயந்து கிடந்த நாட்களிலும் கேட்டேன். அந்த நாட்களில் கூடுதலாகக் கேட்டேன். பதில் வருவதற்குச் சில வேளை நேரமாகும். அதுவரை கையை எடுக்காதீர்கள்.